டாலஹாச்சி ஆற்றங்கரைப் பலகை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. பேத்தி வரலாறு எடுத்துப் படிக்கப் போகிறாள் என்பது அதைவிடச் சந்தோஷம். இத்தனை வருடம் நாம் பாடம் நடத்தியதற்கு வீட்டுக்குள்ளேயே ஒருத்தி கிளம்பிவிட்டாள்.

இங்கே மெம்பிஸில் எல்லோரும் சுகம். போன வாரம் மகளும் மருமகனும் என்னைத் தெற்கே மிசிசிப்பி மாநிலத்துக்கு அழைத்துப் போனார்கள். டெல்டா என்று சொல்கிற பருத்திச் சீமை. மேடு பள்ளமே இல்லாத தரை. நான் பார்க்க வேண்டும் என்று கேட்டது டாலஹாச்சி கவுண்டி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. எம்மெட் டில் என்ற சிறுவனின் கொலை வழக்கு நடந்த இடம்.

அமெரிக்காவில் சாலையோரம் கம்பம் நட்டு, 'இன்னது இங்கே நடந்தது' என்று சில வரி பொறித்துப் பலகை வைக்கிற வழக்கம் உண்டு. மிசிசிப்பி அரசுப் பலகைகளின் தலையில் மக்னோலியாப் பூ இருக்கும். கறுப்பர்களின் ப்ளூஸ் இசைக்கென்று தனியாக நீல நிறப் பலகைகள். டட்வைலர் என்ற சிற்றூரில் அப்படி ஒன்றைப் பார்த்தோம். 1903 வாக்கில் அந்த ஊர் ரயில் நிலையத்தில் காத்திருந்த இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டி, கறுப்பர் ஒருவர் கிட்டார் தந்தியில் கத்தியை அழுத்தி இழுத்து வாசித்ததைக் கேட்டாராம். வாசித்தவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை. நிலையக் கட்டடமும் இப்போது இல்லை. ஊருக்கு வெளியே மவுத் ஆர்கன் கலைஞர் சன்னி பாய் வில்லியம்சனின் கல்லறை. வருகிறவர்கள் மவுத் ஆர்கன்களை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் நான் போனது எம்மெட் டில்லுக்காக. பதினான்கு வயதுக் கறுப்பினப் பையன். 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்தவன். மணி என்ற ஊரில் கடை வைத்திருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதை தவறி நடந்தான் என்று சொல்லி, 28-ஆம் தேதி நள்ளிரவு கழிந்த நேரத்தில் அவள் கணவன் ராய் பிரையண்டும் அவனோடு ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் மைலமும் பையனைத் தூக்கிப் போய்க் கொன்றார்கள். மூன்று நாள் கழித்து டாலஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது. கழுத்தில் பருத்தி ஜின்னிங் மில்லின் இரும்பு விசிறி, முள்கம்பியால் கட்டியிருந்தார்கள். அங்கேயே அவசரமாகப் புதைக்க இருந்ததைத் தடுத்தவள் தாய் மேமி. உடலைச் சிகாகோவுக்கு வரவழைத்து, சிதைந்த முகத்தை ஊரே பார்க்கட்டும் என்று பெட்டியைத் திறந்தே வைத்தாள். அந்த முடிவை எடுக்க அவளுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும், மல்லிகா!

வழக்கு நடந்தது சம்னர் ஊர் நீதிமன்றத்தில். செங்கல் கட்டடம், உள்ளே 1955-இல் இருந்தபடியே மறுபடி சீரமைத்திருக்கிறார்கள். சாட்சிக் கூண்டின் பக்கத்தில் நெடுநேரம் நின்றேன். அங்கேதான் விளைச்சலில் பங்குக்கு நிலம் உழுத மோஸ் ரைட், எம்மெட்டின் பெரிய தாத்தா முறை, எழுந்து நின்று கொலைகாரனைக் கையால் சுட்டிக் காட்டினார். சாட்சி சொன்ன பிறகு அந்த மண்ணில் வாழ முடியாமல் சிகாகோ போய்விட்டார். தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் பன்னிரண்டு பேரும் வெள்ளைக்கார ஆண்கள். கவுண்டியில் கறுப்பர்களே பெரும்பான்மை, ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவர் ஜூரியில் உட்கார முடியாது. 67 நிமிடத்தில் விடுதலை. நான்கு மாதத்துக்குள் இருவரும் பத்திரிகைக்குப் பணம் வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள். விடுதலையானவர்களை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

அந்த நீதிமன்ற வாசலில் 1913-லேயே, அடிமை முறையைக் காக்க உள்நாட்டுப் போரில் இறங்கிய தென்மாநிலப் படைவீரனுக்குச் சிலை வைத்துவிட்டார்கள். எம்மெட்டுக்கு அங்கே பலகை வர 2007 ஆயிற்று. கவுண்டி மேற்பார்வைக் குழுவின் முதல் கறுப்பினத் தலைவர் ஜெரோம் லிட்டில் முயற்சியெடுத்து, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த ஒரு குழு 2006-இல் உருவானது. 2007 அக்டோபர் 2-ஆம் தேதி, நீதி தவறியதை ஒப்புக்கொண்டு, டில் குடும்பத்திடம் வருத்தம் தெரிவிக்கும் அறிக்கையை நீதிமன்றத்தின் முன் வாசித்தார்கள். ஓர் ஊர் தன் பெயரால் இப்படிச் சொல்வது எளிதல்ல. சொல்லியே ஆக வேண்டியது என்று நினைக்கிறேன்.

ஆற்றங்கரைக்குப் போகிற வழி மண்சாலை. உடல் கிடைத்ததாகச் சொல்லும் படகுத்துறை அது, கிராபால் லேண்டிங் என்று பெயர். 2008-இல் அங்கே நட்ட பலகையைப் பிடுங்கி எறிந்தார்கள். அடுத்ததைத் துப்பாக்கியால் சல்லடையாக்கினார்கள். 317 துளைகள். 2018-இல் வைத்த மூன்றாவது 35 நாளில் குண்டு வாங்கியது. நான்காவது, இப்போது நிற்பது, 2019-இல் வந்தது. குண்டு துளைக்காத எஃகு, எடை 500 பவுண்டு. கேமராக் காவலும் உண்டு. துளைபட்ட பலகை ஒன்று 2021-இல் வாஷிங்டனில் தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. செத்துப்போன சிறுவனின் பெயரைக் கூடச் சுடத் தோன்றுகிறது என்றால் 1955 முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

உடல் கிடைத்தது சரியாக இந்தப் படகுத்துறையில்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதனால் பலகையே வேண்டாம் என்பாரும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. கொலையை மறைக்க நினைத்தவர்கள்தான் உடலை ஆற்றில் போட்டார்கள். அந்தக் குழப்பத்தின் பலனும் அவர்களுக்கே போய்ச் சேரக் கூடாது. சந்தேகத்தையும் சேர்த்தே எழுதி வைக்கட்டும். 2023 ஜூலையில் இந்தக் கரையையும் சம்னர் நீதிமன்றத்தையும் சிகாகோவில் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயத்தையும் சேர்த்துத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். மணி ஊரின் அந்தக் கடை மட்டும் கூரை இடிந்து, கொடி படர்ந்து கிடக்கிறது.

பேத்தியிடம் ஒன்று சொல். அந்த வழக்கின் நீதிமன்றப் பதிவு பல ஆண்டுகள் காணாமல் போயிருந்தது. பிறகு எஃப்.பி.ஐ. மறுவிசாரணையின்போது ஒரு நகல் கிடைத்து, இப்போது இணையத்தில் இருக்கிறது. மோஸ் ரைட் சாட்சியத்தையும் மேமியின் சாட்சியத்தையும் அவள் படித்துவிட்டு எனக்கு எழுதட்டும். நீயும் கூட உட்கார்ந்து படி. எடுத்த படங்களை மகளிடம் சொல்லி வாட்ஸாப்பில் அனுப்புகிறேன். மார்ச்சில் ஊருக்கு வருகிறேன். அதுவரை மாத்திரையை விடாதே.

அன்புடன்,
கௌரி