செயலாளர் ஆண்டறிக்கை: இருவாச்சிக் கூடு காவல்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஜனவரியில் ஆனைமலைக் காட்டுக்குள் இருவாச்சிப் பறவையின் கூடு தேடிப் போனபோது, அந்தக் காட்டுப் பழங்குடிகளான காடர் நண்பர்கள் முன்னால் நடந்தார்கள். நோட்டுப் புத்தகத்தோடு நாம் பின்னால் போனோம். எந்த மரத்தின் எந்தப் பொந்தில் முன்பு குஞ்சு பொரித்தது என்பது அவர்களுக்கு நினைவிருக்கிறது. இருவாச்சிக்கு மரங்கொத்தி போலப் பொந்து குடையத் தெரியாது. முதிர்ந்த மரத்தில் தானாக உண்டான பொந்துதான் வேண்டும். நல்ல பொந்து அமைந்தால் ஆண்டுதோறும் அதற்கே திரும்பி வரும். இந்த முறை இரண்டு கூடுகளைக் கவனித்தோம்.

பெட்டை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டால் மூன்று, நான்கு மாதம் வெளியே வராது. ஆண் பறவை அத்திப்பழங்களைத் தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சிறு கீறல் வழியே ஊட்டும். அதற்கு ஏதாவது ஆனால் தாயும் குஞ்சும் பட்டினிதான்.

மார்ச்சில் நடந்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும். நம் உறுப்பினர் ஒருவர் ஆர்வக்கோளாறில் கூட்டு மரத்தின் படத்தை வழியோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு மரத்தடியில் ஒரே கேமராக் கூட்டம். ஆண் பறவை தூரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஊட்டாமலே போய்விட்டது. வனக்காவலர் வந்துதான் கூட்டத்தைக் கலைத்தார். (அந்த உறுப்பினர் நான்தான். செயற்குழுவுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியட்டும்.) இனி மரம் இருக்கும் இடம் நோட்டைத் தாண்டாது.

நல்லவேளை, மே மாதம் அந்தக் குஞ்சு பறந்தது. இன்னொரு கூட்டில் பறவைகள் பாதியிலேயே காணாமல் போயின. காரணம் தெரியவில்லை. அப்புறம் பருவமழையில் அந்த மரமே சாய்ந்துவிட்டது.

தோட்டத்து அத்திமரங்களை வெட்டாமல் விடுவதாக ஒரு தேயிலை எஸ்டேட் ஒப்புக்கொண்டது. இன்னொன்றுக்கு மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. கூட்டு மரத்தடியில் பொறுக்கிய விதைகள் நாற்றங்காலில் முளைத்திருக்கின்றன.

கடைசியாக ஒரு தீர்மானம். அருணாசலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகப் பகுதியில் நிஷி பழங்குடி மக்களும் வனத்துறையும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து 2011 முதல் கூடு தத்தெடுப்புத் திட்டம் நடத்துகிறார்கள். வெளியூர்க்காரர்கள் தரும் நன்கொடையில் உள்ளூர்க்காரர்கள் சம்பளத்துக்குக் கூடு காக்கிறார்கள். முன்பு வேட்டைக்குப் போனவர்களும் அதில் உண்டு. நாமோ காடர் நண்பர்களுக்கு இந்தப் பருவம் முழுக்கக் கொடுத்தது டீயும் பஸ் காசும். வரும் ஜனவரியிலிருந்து அவர்களுக்கு நாள் கூலி தர வேண்டும் என்று முன்மொழிகிறேன். கையிருப்பு அதற்குத் தாங்குமா என்பதைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.