சுமை தாங்கும் விளம்பர நிறுவனங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் வணிகப் பக்கத்தில், "பொருளாதார மந்தத்தின் சுமையை இணைய விளம்பர நிறுவனங்களே தாங்கிக்கொள்கின்றன" என்ற வரியைப் படித்ததும், அந்நிறுவனங்களுக்கு நாங்களும் ஏதேனும் நிவாரணம் திரட்ட வேண்டுமோ என்று தோன்றியது. விவரம் அறிந்த தங்கள் மேசையைக் கடந்துதான் அந்த வரி வந்தது என்பதே என் வருத்தம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம், நெல் விலை, கோயில் கொடைச் செய்திகளைத் தரும் சிறிய இணையதளம் ஒன்றை நெடுநாளாக நடத்தி வருகிறேன். தளங்களில் விளம்பரம் இட்டு வருவாயைப் பங்கிடும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவை, தமிழ்த் தளங்களை ஏற்றுக்கொண்டதே 2018இல்தான். அதுவரை சொன்ன விலைக்குத் தலையாட்டி, கிடைத்த இடைத்தரகு நிறுவனங்களை அண்டியிருந்தோம். அவற்றுள் ஒன்று, பெயர் வேண்டாம், கணக்கில் சேர்ந்திருந்த என் பணத்தைத் தராமலேயே கடையைக் கட்டியது. அப்போது தங்கள் வணிகப் பக்கம் ஒரு வரியும் எழுதவில்லை.

மந்தக் காலத்தில் வணிகர்கள் தேடலில் வரும் விளம்பரத்தை விட்டுவிட்டு, பெயரைப் பரப்பும் பட விளம்பரச் செலவையே முதலில் வெட்டுகிறார்கள் என்பதும், விற்காத இடம் பெருகுவதால் ஆயிரம் பார்வைக்கான விலை விழுகிறது என்பதும் தாங்கள் அறியாததல்ல. ஆயினும் இடைத்தரகர் தம் பங்குச் சதவீதத்தைக் குறைப்பதில்லை. இத்தனை டாலர் சேர்ந்தால்தான் பணம் என்ற வரம்பும் இறங்குவதில்லை. தாமிரபரணியில் நீர் குறைந்தால் கடைமடை வயல்தான் முதலில் காயும். மேல்மடைக்காரர் சுமை தாங்கினார் என்று யாரும் எழுதுவதில்லை.

2020 ஊரடங்கில் என் தளத்திற்கு வந்தவர்கள் கூடினார்கள், வருமானமோ குறைந்தது. வரம்பைத் தொடாத அந்தச் சொற்பத் தொகையும் மாதக்கணக்கில் நிறுவனத்திடமே வட்டியின்றிக் கிடந்தது. உலகமே தள்ளாடிய 2008இல்தான் கூகுள் 310 கோடி டாலருக்கு டபுள்கிளிக் என்ற இணைய விளம்பர நிறுவனத்தை வாங்கி முடித்தது. அமெரிக்காவின் மொத்த இணைய விளம்பர வருவாய் சரிந்த 2009இலும் கூகுளின் சொந்த வருவாய் உயர்ந்தே இருந்தது. அதைச் சுமைகூலி என்று கொள்ளலாம் போலும்.

தங்கள் கட்டுரையில் பேட்டி அளித்த நிறுவனங்கள், எவ்வளவு சேர்ந்தால், எத்தனை நாளில் தளக்காரருக்குப் பணம் தருகின்றன என்ற விவரத்தை மட்டுமாவது, வரும் ஞாயிறு அதே பக்கத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
அம்பாசமுத்திரம்.