பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பூனையின் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். நமக்கு 98.6. அதனால் நம் கைக்குப் பூனை எப்போதுமே சுடும். பூனை ஒரு நாள் சோர்ந்து படுத்துவிட்டால், தொட்டுப் பார்ப்பவர்கள் ‘காய்ச்சல் கொதிக்குது’ என்று முடிவுகட்டி, வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையில் கால்வாசியை உடைத்துப் பாலில் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். அந்தக் கால் மாத்திரை போதும், பூனை சாக.

கணக்கு இதுதான். 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு 125 மில்லிகிராம். மூன்று கிலோ பூனைக்கு அது கிலோவுக்கு 40 மில்லிகிராமுக்கும் மேல். கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே பூனைகளுக்கு நச்சு ஏறியிருக்கிறது. குழந்தைக்குக் கொடுக்கும் அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம். அதுகூடப் பூனைக்குத் தாங்காது. டோலோ, குரோசின், கால்பால் என்று எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது பாராசிட்டமால்தான், சிரப்பும் விலக்கல்ல. இந்த மருந்தை வேறொரு பொருளோடு பிணைத்து வெளியேற்றும் நொதி மனிதக் கல்லீரலில் தாராளமாக உண்டு, பூனையிடம் மிகக் குறைவு. வெளியேறாதது நச்சாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ரத்தம் ஓடும், ஆனால் ஆக்சிஜனைச் சுமக்காது.

சில மணி நேரத்திலேயே அறிகுறி தெரியும். உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு பழுப்பாகவோ நீலம் பாய்ந்தோ இருக்கும். மூச்சு வாங்கும், முகமும் பாதங்களும் வீங்கும், சிறுநீர் கறுக்கும். அறிகுறிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். எவ்வளவு கொடுத்தோம், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, மாத்திரை அட்டையோடு மருத்துவரிடம் ஓடுங்கள். ‘நான் எதுவும் கொடுக்கலை’ என்று மறைத்தால் மருத்துவர் வேறு நோயைத் தேடி நேரம் போக்குவார். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. முதல் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் முழுப் பலன். வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள், உப்பே தனி நச்சாகிவிடும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் ஆகாது. அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அடுத்தது பினாயில். தண்ணீரில் ஊற்றியதும் வெள்ளையாகக் கலங்கும் கிருமிநாசினிகளில் பெரும்பாலும் பீனால் வகைப் பொருள் இருக்கும். டெட்டாலும் இந்த ரகமே. இதுவும் பூனைக்கு நஞ்சு. ஈரத் தரையில் நடந்த பூனை பாதத்தை நக்கியே தீரும். பூனை வளர்க்கும் வீட்டில் சோப்பும் வெந்நீரும் போதும். பூனைக்குக் காயம் பட்டால் அரை லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் மட்டமாக ஒரு டீஸ்பூன் உப்புக் கரைத்துக் கழுவுங்கள்.

நாய்க்கு வாங்கிய உண்ணிச் சொட்டு மருந்தில் மிச்சத்தைப் பூனைக் கழுத்தில் விடுவதும் நடக்கிறது. அட்டையில் ‘பெர்மெத்ரின்’ என்றிருந்தால் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். உடனே வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் திரவம் போட்டு அலசிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். நாய்க்கு அந்த மருந்து போட்டிருந்தால், காயும்வரை பூனையை அதன் பக்கத்தில் படுக்கவிடாதீர்கள்.

கடுவன் பூனை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அது மணல் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சிறுநீர் அடைப்பு. கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. சிறுநீரில் உருவாகும் உப்புப் படிகங்களும் சளியும் அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டும் இறங்காது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோக ஒன்றிரண்டு நாளே போதும். மணல் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனையவில்லை என்றால் இரவானாலும் கிளம்புங்கள், விடியட்டும் என்று வைக்காதீர்கள். காய்ந்த தீவனத்தை மட்டுமே போட்டுத் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். வேகவைத்த மீனை அதன் தண்ணீரோடு கொடுக்கலாம், உப்பும் வெங்காயமும் இல்லாமல்.

இரண்டு நாளாகச் சாப்பிடாத பூனையையும் ‘பசித்தால் தின்னும்’ என்று விடக்கூடாது. குறிப்பாகப் பருத்த பூனை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய் அடைந்துகொள்ளும். அதன் பிறகு பசியே எடுக்காது.

வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனைகள் உண்டு. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மக்கள் முதலில் போய் நிற்பது தெருமுனை மெடிக்கல் ஷாப்பில்தான். காய்ச்சல் மாத்திரை கேட்பவரிடம் ‘யாருக்கு?’ என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கலாம். நாய்க்கான சொட்டு மருந்து விற்கும் கடைகளில் ‘பூனைக்குப் போடக்கூடாது’ என்று தமிழில் எழுதி ஒட்டும்படி கால்நடை பராமரிப்புத் துறை சொன்னால் நல்லது. பெட்டியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருப்பதை யார் படிக்கிறார்கள்?

இப்படிக்கு,
ஒரு கால்நடை மருத்துவர்,
திருச்சி.