ஏர் ஃப்ரையரின் ‘மறுசூடு’ பொத்தான் குறித்து ஒரு புகார்

அனுப்புநர்:
உங்கள் ஏர் ஃப்ரையரை வாங்கிய வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ‘மறுசூடு’ பொத்தான், கையேடு, தமிழ் விளம்பரம் ஆகியவற்றைத் திருத்தக் கோரியும், மூடப்பட்ட என் புகாரை மறுபடி எடுக்கக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் நிறுவனத்தின் ஏர் ஃப்ரையரைப் பொங்கல் சமயத்தில் திருச்சியில் ஒரு கடையில் வாங்கினோம். வாங்கியதற்கு முக்கியமான காரணம் உங்கள் தமிழ் விளம்பரம். “நேத்து சுட்ட வடை இன்னிக்கும் மொறுமொறு, ஒரே பட்டன்ல!” என்று அதில் ஒரு அம்மா சொல்கிறார். அந்தப் பொத்தான் அந்த வேலையைச் செய்யவில்லை. மிஷினில் பழுது இல்லை. நாமே வெப்பத்தையும் நேரத்தையும் வைத்தால் நன்றாகவே சூடாக்குகிறது. நீங்கள் வைத்திருக்கிற அளவும், கையேட்டில் எழுதியிருப்பதும், விளம்பரத்தில் காட்டுவதும்தான் தவறு.

எங்கள் வீட்டில் எண்ணெய்ப் பலகாரம் மீந்துபோவது சாதாரணம். பத்துப் பேர் வருவார்கள் என்று சுடுவோம், ஐந்து பேர் வருவார்கள். அமாவாசை, கிருத்திகைக்கு வடை உண்டு. மீந்ததை மறுநாள் திரும்பவும் எண்ணெயில் போட்டு எடுப்பது பழைய வழக்கம். அப்படிச் செய்தால் வடை இன்னொரு தடவை எண்ணெய் குடிக்கிறது, காய்ந்த எண்ணெயே மறுபடி காய்கிறது. சூடாக்கிச் சூடாக்கிக் கெட்ட எண்ணெயில் உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி வைத்திருக்கிறது, 2018 ஜூலையிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. ஓட்டலில் அதிகாரிகள் கருவி வைத்து அளக்கலாம். வீட்டு வாணலியில் யார் அளப்பது? என் மாமியாருக்கு இதய வைத்தியம் நடக்கிறது. அவருக்காகத்தான் மறுபடி பொரிக்கும் வழக்கத்தை நிறுத்தினோம், அதற்காகத்தான் இந்த மிஷினும் வந்தது.

மைக்ரோவேவ் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் வைத்த வடை சூடாகும், ஆனால் சவசவ என்று ஆகிவிடும். அது பலகாரத்துக்குள் இருக்கிற தண்ணீரைச் சூடாக்குகிறது. உள்ளேயிருந்து கிளம்பும் ஆவி மேல்தோல் வழியாக வெளியே வருகிறது. சுற்றியிருக்கும் காற்றில் சூடு இல்லாததால் அந்த ஈரம் தோலிலேயே தங்குகிறது. எண்ணெயில் சுடும்போது 170, 180 டிகிரியில் தோலின் ஈரமெல்லாம் போய்விடுகிறது, மொறுமொறுப்பு என்பதே அதுதான். ராத்திரி முழுக்க வைத்திருந்தால் உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல வெளியே நகர்ந்து தோலில் ஏறிவிடும். மறுநாள் நாம் செய்ய வேண்டியது, அந்தத் தோலில் ஏறிய ஈரத்தை மட்டும் வேகமாக விரட்டுவது. உள் ஈரத்தைத் தொடக் கூடாது. விசிறியோடு கூடிய சூடான காற்று இதற்குச் சரியான வழி, ஏர் ஃப்ரையர் செய்வதும் அதைத்தான். தோலில் ஏற்கெனவே எண்ணெய் இருப்பதால் புதிதாக ஊற்றவும் வேண்டாம். அதனால்தான் உங்கள் மிஷின்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது.

சரி, பொத்தானுக்கு வருகிறேன். ‘மறுசூடு’ என்பதை அழுத்தினால் 150 டிகிரி, 15 நிமிடம் என்று திரையில் வருகிறது. அந்த நேரத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மிஷினை முன்கூட்டிச் சூடாக்கச் சொல்லி எந்த அறிவிப்பும் இல்லை. மெதுவடையை அதில் வைத்துப் பாருங்கள். 150 டிகிரியில் தோலின் ஈரம் போக நேரமாகிறது. அது போவதற்குள் உள்ளே இருக்கும் ஈரமும் சேர்ந்து போய்விடுகிறது. கால் மணி நேரம் கழித்து வெளியே எடுக்கும்போது தோல் மொறுமொறுப்பாக இல்லை, இறுகிப்போய் இருக்கிறது. உள்ளே பஞ்சு மாதிரி இருந்த பதம் போய் வறண்டுவிடுகிறது. என் மாமியார் பல்செட் வைத்திருப்பவர். உங்கள் பொத்தானில் சூடான வடையை அவரால் கடிக்க முடியவில்லை. “இதுக்கு ஆறின வடையே தேவலைம்மா” என்றார். யாருக்காக வாங்கினோமோ அவருக்கே அது உதவவில்லை.

நாமக்கல் ஆஞ்சநேயருக்குச் சாத்தும் வடை வேறு வகை. தோலோடு கூடிய உளுந்தைக் கொரகொரவென்று அரைத்து, மிளகு போட்டு, மெல்லிசாகத் தட்டிச் சுடுவது. வெங்காயம் கிடையாது, ஈரமும் அநேகமாகக் கிடையாது. அதனால் சில நாள் தாங்கும். அந்த வடைக்கு உங்கள் பொத்தான் ஒருவேளை பொருந்தலாம். மெதுவடைக்கு உள் ஈரம்தான் உயிர். எல்லாவற்றையும் ‘வடை’ என்று ஒரே பெயரில் அடக்கி ஒரே அளவு வைத்திருக்கிறீர்கள்.

கையேட்டிலும் வழி இல்லை. அதில் ஒரு அட்டவணை இருக்கிறது: பிரெஞ்சு ஃப்ரைஸ், சிக்கன் நகெட்ஸ், பீட்ஸா துண்டு, ஃபிஷ் ஃபிங்கர், மஃபின். தமிழில் விளம்பரம் செய்து தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கும் மிஷினின் அட்டவணையில் வடை, போண்டா, பஜ்ஜி, பக்கோடா, சமோசா எதுவும் இல்லை. அட்டவணைக்குக் கீழே தமிழில் இருப்பது ஒரே ஒரு வரி: “சூடு ஆறாமல் இருக்க, எடுத்தவுடன் மூடி வைக்கவும்.” இதை எழுதியவர் ஒரு தடவைகூடச் செய்து பார்த்திருக்க மாட்டார். சூடாக எடுத்த பலகாரத்தை ஹாட்பாக்ஸில் போட்டு மூடினால் அதன் ஆவி அதன்மேலேயே இறங்கி, விரட்டின ஈரமெல்லாம் திரும்பி வந்துவிடும். கம்பித்தட்டிலோ மூங்கில் தட்டிலோ திறந்து வைத்தால்தான் மொறுமொறுப்பு கொஞ்ச நேரமாவது நிற்கும்.

உங்கள் மிஷினிலேயே, பொத்தானை விட்டுவிட்டு, கையால் அளவு வைத்து நாங்கள் கண்டறிந்ததை எழுதுகிறேன். உங்கள் சமையல் பிரிவினர் சோதித்துப் பார்க்கட்டும்.

முதலில், வெறும் மிஷினை 180 டிகிரியில் மூன்று நிமிடம் ஓடவிட வேண்டும். பலகாரத்தை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், காற்று போக இடம் விட்டுப் பரப்ப வேண்டும். கூடையின் அடியில் ஃபாயில் விரித்தால் ஓட்டைகள் அடைபட்டு அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். மெதுவடை ஃப்ரிட்ஜிலிருந்து வந்தால் 160 டிகிரியில் நாலு நிமிடம், உள்ளே குளிர் விடுவதற்கு. அப்புறம் 190-க்கு ஏற்றி இரண்டு நிமிடம். நடுவில் ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். பருப்பு வடைக்கு இவ்வளவு கவனம் தேவையில்லை. கரகரப்பாக அரைத்தது, ஈரம் குறைவு, 180-ல் ஐந்து நிமிடத்தில் புதிதாகச் சுட்டது போலவே வருகிறது. இந்த மிஷினில் மீண்டும் உயிர் பெறும் பலகாரங்களில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். சமோசாவுக்குத் தோல் தடிமன், உள்ளே கிழங்கு. அவசரப்பட்டால் தோல் கருகும், கிழங்கு ஜில்லென்றே இருக்கும். 160-ல் எட்டு நிமிடம் வேண்டும். உருளைக்கிழங்கு போண்டாவுக்கும் அப்படித்தான், பெரிதாக இருந்தால் இரண்டாக வெட்டிவிடுவது நல்லது.

தூள் பக்கோடாவுக்கு 170-ல் இரண்டு மூன்று நிமிடம் போதும். ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, கையேடு அதைப் பற்றி மூச்சே விடவில்லை. உங்கள் விசிறிக்கு வேகம் அதிகம். பக்கோடாவில் இருக்கும் பொரிந்த கறிவேப்பிலையும் உதிரித் தூளும் பறந்துபோய் மேலே இருக்கும் சூடேற்றும் கம்பியில் ஒட்டிக் கருகின. வீடெல்லாம் புகை வாடை. கறிவேப்பிலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மேலே ஒரு கம்பி வலைத்தட்டைக் கவிழ்த்து வைத்தால் இது நடக்காது. ஒரு வரி எச்சரிக்கை அச்சடிப்பதில் உங்களுக்கு என்ன சிரமம்?

நமத்துப்போன முறுக்கும் தட்டையும் வேறு கதை. அவற்றில் உள் ஈரம் கிடையாது, காற்றிலிருந்து வாங்கிய ஈரம்தான். 120 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து, வெளியே எடுத்து நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு கடித்துப் பார்த்துவிட்டு ‘மொறுமொறுப்பு வரவில்லை’ என்று நினைக்கக் கூடாது, ஆறின பிறகுதான் தெரியும். நன்றாக ஆறிய பின் டப்பாவில் போட்டு மூட வேண்டும்.

வாழைக்காய் பஜ்ஜியையும் விளம்பரத்தில் காட்டுகிறீர்கள். அது நியாயமில்லை. பஜ்ஜிக்குள் இருக்கும் காய் கடைசி வரை ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். கடலைமாவுத் தோல் காயும்போது காயிலிருந்து கழன்று வந்துவிடும். எந்த அளவு வைத்தும் முதல்நாள் சுட்டபோது இருந்த மொறுமொறுப்பு எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஓரளவு சாப்பிடும்படி வரும், அவ்வளவுதான். அதை ‘மொறுமொறு’ என்று காட்டுவது வாங்குபவரை நம்ப வைத்து ஏமாற்றுவது.

இதைவிடப் பெரிய கவலை எனக்கு அதே விளம்பரத்தில் இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டு மேஜையில் வடைத் தட்டை ஒரு தட்டால் மூடிவிட்டு அந்த அம்மா தூங்கப் போகிறார். காலையில் அதே தட்டை எடுத்து நேராக மிஷினில் வைக்கிறார், பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். ஈரமுள்ள பலகாரத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் அதிகபட்சம் ஒரு மணி நேரம்தான் என்பதுதான் உணவுப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. எங்கள் திருச்சியில் வருஷத்தில் பெரும்பாலான நாள் பகல் வெயில் அந்த 32-ஐத் தாண்டும். பேசில்லஸ் சீரியஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் வெளியில் வைத்த உணவில் விட்டுப்போகும் நச்சு, சூடாக்கினால் போய்விடாது. கிருமி செத்தாலும் நச்சு இருக்கும். மேலே மொறுமொறுப்பாக இருப்பதால் கெட்டுப்போனது தெரியாமலும் போகலாம். ஆறியவுடன் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது, உள்ளே 74 டிகிரி வரும்படி சூடாக்குவது, ஒரு தடவை சூடாக்கியதை மறுபடி எடுத்து வைக்காமல் இருப்பது, இந்த மூன்றையும் விளம்பரத்தில் காட்டுவது உங்கள் பொறுப்பு. பிள்ளைகள் சாப்பிடுகிற காட்சியில் இப்படி ஒரு தவறான பழக்கத்தைக் காட்டியிருப்பதைப் பார்த்து எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

இனி உங்கள் கஸ்டமர் கேர். பேசின பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்ன தீர்வு: “மேடம், வடை மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சுட்டு மறுசூடு போடுங்க.” விரட்ட வேண்டிய ஈரத்தை நாமே சேர்ப்பதா? பழைய ரொட்டிக்கோ பன்னுக்கோ சொல்ல வேண்டியதை வடைக்குச் சொல்கிறார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவர் கையில் நீங்கள் கொடுத்திருக்கும் காகிதம் அப்படி. அப்புறம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்து மிஷினைப் பார்த்தார். “மிஷின்ல ஒண்ணும் இல்லக்கா, இந்த பட்டனப் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க, எங்களுக்கே என்ன சொல்றதுன்னு தெரியல” என்றார். உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே வந்து பார்த்ததற்கு என்னிடம் ‘வருகைக் கட்டணம்’ வாங்கப்பட்டது. அன்று சாயங்காலமே ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. தீர்ந்ததா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

நான் கேட்பது இவை. என் புகாரை மறுபடி திறந்து எழுத்தில் பதில் தர வேண்டும். வாங்கிய வருகைக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். மறுசூடு பொத்தானில் வெப்பத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளும் வசதி இனி வரும் மிஷின்களில் வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு நம் பலகாரங்களுக்கான அட்டவணையைத் தமிழில் அச்சடித்து, எச்சரிக்கைகளையும் சேர்த்து, இலவசமாக அனுப்ப வேண்டும். மூடி வைக்கச் சொல்லும் வரியை நீக்க வேண்டும். கஸ்டமர் கேரில் பேசுபவர்களுக்கு ஒரு நாளாவது ஒரு சமையலறையில் பயிற்சி கொடுங்கள். மேஜையில் ராத்திரி முழுக்க வடை இருக்கும் அந்த விளம்பரத்தை உடனே நிறுத்த வேண்டும். இதற்கு மட்டும் அவகாசம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

மற்றவற்றுக்கு 15 நாள் காத்திருப்பேன். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் தயாரிப்பாளர்மேல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. விளம்பரம் பற்றிய புகாரை அங்கேயும் அனுப்புவேன்.

பில் நகல், கையேட்டின் அட்டவணைப் பக்கம், வருகைக் கட்டண ரசீது, பொத்தானில் சூடான வடையையும் கையால் அளவு வைத்துச் சூடாக்கிய வடையையும் பிட்டு அருகருகே எடுத்த படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.