காஞ்சிபுரம் போறவர்களுக்கு
வணக்கம் உறவுகளே. சென்னையிலிருந்து காஞ்சி ஏறக்குறைய 75 கிலோமீற்றர். விடிய 5 மணிக்கே வான் வெளிக்கிட வேணும். பிந்தினால் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், திரும்ப 4 மணிக்குத்தான் திறப்பு.

முதலில் ஏகாம்பரநாதர். மூலவர் மண் லிங்கம், அதனால் அபிஷேகம் ஆவுடையாருக்கு (லிங்கத்தின் அடிப்பீடம்) மட்டும்.

அடுத்து கைலாசநாதர், 8ஆம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அவசரப்படாதீர்கள், பார்க்கவேண்டியது இதுதான். சுற்றுமதிலோரம் 58 சிறு சந்நிதிகள். சிலதில் பழைய வர்ணம் இன்னும் ஒட்டியிருக்கு. மணற்கல் உதிரும், கை வைக்கவேண்டாம். கருவறைச் சுற்றுக்குத் தவழ்ந்துதான் நுழையலாம்; முழங்கால் வருத்தக்காரர் வெளியிலேயே கும்பிடுங்கோ.

பின்னேரம் காமாட்சி அம்மன், பிறகு வரதராஜர். நூற்றுக்கால் மண்டப மூலையில் தொங்கும் கல்லுச்சங்கிலியைத் தவறவிடாதீர்கள். வெயிலில் கல்தரை சுடும், காலுறை கொண்டுவாங்கோ.