பதிவு கவுன்டர் அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

வேலை கிடைத்துவிட்டது, சேர்ந்தும்விட்டேன். அரசு மருத்துவமனைகளுக்கான டிஜிட்டல் சேவைகளை உருவாக்கும் குழுவில் டிசைனர். பழைய வேலை போனதையும் அதற்கப்புறம் வந்த மாதங்களையும் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அப்போது என் கூடவே இருந்தவர்கள். மீதிப் பேருக்கு அது தெரியாமலே போகட்டும்.

மொத்தமாகச் சொல்லிவிட வேண்டிய நன்றிகள் கொஞ்சம் உண்டு. எந்த வேலை விளம்பரம் கண்ணில் பட்டாலும் எனக்கு அனுப்பிய நண்பர்களுக்கு. "என்னாச்சு?" என்று கேட்காமல் வேறு எதையாவது பேசிச் சிரிக்க வைத்தவர்களுக்கு. வாடகையைப் பற்றி வாயே திறக்காத அண்ணனுக்கு. கேட்ட அன்றே பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்த பழைய மேலாளருக்கு. மருத்துவத் துறை அனுபவம் இல்லையே என்று பலர் ஒதுக்கிய விண்ணப்பத்தை எடுத்துப் படித்த நேர்காணல் குழுவுக்கு. அப்புறம், முகம் தெரியாத சிலருக்கும். பிரிட்டன் அரசின் சேவை வடிவமைப்புக் கையேட்டையும் அந்நாட்டுப் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் வடிவமைப்புத் தொகுப்பையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்களே, அவர்களுக்கு. வேலையில்லாத நாட்களில் என் பாடப்புத்தகம் அதுதான். படிவத்தில் ஒரு கேள்வியை வைக்கும் முன், அந்தப் பதில் யாருக்கு, எதற்கு வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அங்கேதான் படித்தேன்.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தவர் ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் பதிவு கவுன்டரில் இருக்கும் அக்கா.

சேர்ந்த புதிதில் அவர் வேலை செய்வதைப் பார்த்து வர என்னை அனுப்பினார்கள். கவுன்டருக்குள் இன்னொரு நாற்காலிக்கு இடமில்லை, அதனால் பின்னால் நின்றேன். வரிசை வெளி வாசல்வரை இருந்தது. அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. பேச நேரமும் இல்லை. பார்க்க வருகிறவர்கள் வருவார்கள், எழுதிக்கொள்வார்கள், போவார்கள், திரை மட்டும் மாறாது என்று அவருக்கு எத்தனையோ வருடப் பழக்கம். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அலுவலகத்துக்கு ஒரு உறை வந்தது. மேலே, "டிசைன் பண்ற பொண்ணுக்கு". உள்ளே, தப்பாக அச்சாகி வீணான டோக்கன் சீட்டுகள், ரப்பர் பேண்டு போட்டு. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பால்பாயிண்ட் பேனாவில் ஓரிரு வரி. திரை அவரை எங்கெல்லாம் தடுக்கியதோ அங்கெல்லாம் ஒரு சீட்டு. யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஒரு டோக்கனுக்கும் அடுத்த டோக்கனுக்கும் நடுவில் எழுதியிருக்கிறார். எந்தச் சீட்டிலும் ஒரு நோயாளியின் பெயர்கூட இல்லை. அந்தக் கவனத்தை நான் பயிற்சி வகுப்புகளில்கூடப் பார்த்ததில்லை.

"பிறந்த தேதி கட்டாயம்னு சிவப்பா வருது. பாட்டிக்கு வருஷமே குத்துமதிப்புதான். ஜனவரி 1 போட்டேன்."

இந்த ஒரு சீட்டை வைத்துக்கொண்டு எங்கள் குழு ஒரு மத்தியானம் முழுக்கப் பேசியது. தேதி தெரியாத எல்லோருக்கும் ஜனவரி 1 போட்டு, பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் இரண்டு பேரை ஒரே ஆள் என்று கணினி நினைத்துவிடலாம். அப்புறம் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து இன்னொருவர் பதிவில் போய் உட்காரும். வேடிக்கை என்னவென்றால், மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான எஃப்எச்ஐஆர் தரநிலை, பிறந்த வருடத்தை மட்டும் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். அடம்பிடிப்பது எங்கள் திரைதான்.

"செல் நம்பர் இல்லைன்னா அடுத்த பக்கம் போகாது. பக்கத்து வீட்டு நம்பர் கொடுத்தாங்க." அந்த நோயாளியின் பரிசோதனை முடிவு யார் கைப்பேசிக்குப் போயிருக்கும் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

"மத்தியானம் வெயில் திரையில விழுது. சாம்பல் எழுத்து தெரியல." எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்கிறது, மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த உதவும் டபிள்யூசிஏஜி அணுகல் விதி. அதைப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், வெயிலை ஒருமுறையும் சொன்னதில்லை. "அதே ஆள்கிட்ட முகவரியை மறுபடி மறுபடி கேட்குது" என்று இன்னொன்று. அதே விதிகளின் 2023 பதிப்பில் இதற்கென்றே ஒரு புதிய விதி சேர்ந்தது: ஒரு வேலையின் நடுவில் ஏற்கெனவே தந்த தகவலைத் திரும்பத் தட்டச்சு செய்ய வைக்காதே. அக்கா அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

"வீல்சேர் தள்ள எழுந்தேன். வந்து பார்த்தா லாக் அவுட். எல்லாம் முதல்லேர்ந்து." பாதுகாப்புக் குழுவைக் குறை சொல்ல மாட்டேன், நோயாளியின் விவரம் திறந்த திரையில் கிடக்கக் கூடாதுதான். பாதி நிரப்பியதைப் பத்திரமாக வைத்திருந்து மறுபடி உள்ளே வந்ததும் காட்டுவதில் என்ன கஷ்டம்?

நடுவில் ஒரு சீட்டு திரையைப் பற்றியதே இல்லை. "அன்னிக்கு நின்னுட்டே இருந்தீங்க. ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி வெச்சிருக்கேன்."

அதைப் படித்தபோது பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், அதனால் சமாளித்துக்கொண்டேன். முன்பு நான் பொருள் விற்கும் செயலிகளுக்கு டிசைன் செய்தவள். பிடிக்காதவர் அதை மூடிவிட்டு வேறொன்றுக்குப் போவார். இந்தக் கவுன்டரில் நிற்பவருக்குப் போக வேறு இடமில்லை, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் இல்லை. திரை மோசமாக இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து சுமக்கிறார்கள். மாதக்கணக்கில் யாருக்கும் தேவைப்படாத ஆளாக இருந்துவிட்டு வந்த எனக்கு, என் வேலை யாருக்குத் தேவை என்பதை அந்த ரப்பர் பேண்டு கட்டு காட்டிவிட்டது.

அதனால் எல்லோர் முன்னாலும் ஒன்று சொல்லி வைக்கிறேன். நான் வடிவமைக்கும் எந்தத் திரையும், அதை நாள் முழுக்கப் பயன்படுத்தப் போகிறவர் ஒருவராவது என் எதிரில் பயன்படுத்திப் பார்க்காமல் வெளியே போகாது. அவசரம் என்று யார் சொன்னாலும் சரி. இதை மீறினால் கேளுங்கள்.

அக்கா, பிறந்த தேதிக் கட்டத்தில் வருடம் மட்டும் போட வழி செய்திருக்கிறோம். "செல் இல்லை" என்று ஒரு பொத்தானும் வந்திருக்கிறது. லாக் அவுட் விஷயம் இன்னும் இழுபறிதான். சோதனைப் பதிப்பை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் உங்கள் கவுன்டருக்கு வருகிறேன். பிடிக்காததை முகத்துக்கு நேராகவே சொல்லுங்கள், ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.