கொத்தனார் நகர்த்திய கோபுரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மருந்தை விட்டுவிடாதீர்கள்.

டென்மார்க் குளிர் ஓரளவு பழகிவிட்டது. காற்றுதான் இன்னும் பழகவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மொழி வகுப்பு முடிந்து வரும்போது தெருவில் ஆளே இருக்காது. போன ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்கிறவர் என்னை வடக்கே கடற்கரைக்குக் காரில் கூட்டிப்போனார். அங்கே பார்த்ததை உங்களுக்குத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அது கொத்தனார் வேலை.

ரூப்யெர் க்னூத என்று ஒரு பழைய கலங்கரை விளக்கம். 23 மீட்டர் உயரம், வெள்ளையடித்த சதுரக் கோபுரம். கடலுக்கு மேல் 60 மீட்டர் உயர மண்மேட்டில் கட்டி, 1900 டிசம்பர் 27 அன்று விளக்கேற்றியிருக்கிறார்கள். அப்போது மேட்டின் விளிம்பு 200 மீட்டர் தள்ளி இருந்ததாம். கடல் கிட்டே வருவதற்கு முன்னாலேயே மணல் வந்துவிட்டது. அலை அரித்த மண்ணைக் காற்று வாரி மேலே கொண்டுவந்து போட்டிருக்கிறது. புல்லும் மரமும் நட்டுப் பார்த்தும் நிற்கவில்லை. கிணறு தூர்ந்தது, காவல்காரர் வீட்டுக் காய்கறித் தோட்டம் மூடிப்போனது. கடைசியில் மணல்மேடு கோபுரத்தைவிட உயர்ந்து, கப்பலில் இருப்பவர்களுக்கு வெளிச்சமே தெரியவில்லை. 1968 ஆகஸ்ட் 1 அன்று விளக்கை அணைத்துவிட்டார்கள். பிறகு அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள்; மணல் அதையும் விடவில்லை, 2002இல் மூடிவிட்டார்கள்.

அந்த மணலைக் கையில் அள்ளிப் பார்த்தேன். மாவு சலித்த மாதிரி அவ்வளவு பொடி. வீடு வந்து தலை துவட்டினால் காதிலிருந்து கொட்டுகிறது.

அதற்குள் கடலும் நெருங்கிவிட்டது. பக்கத்தில் மோரூப் என்ற இடத்தில் சுமார் 1250இல் கட்டிய தேவாலயத்தை, விழுவதற்கு முன் 2008இல் பிரிக்கத் தொடங்கினார்கள். கலங்கரை விளக்கத்துக்கும் அதே கதிதான் என்று ஊரே நினைத்தபோது, கெல் பெடர்சன் என்ற உள்ளூர்க் கொத்தனார், இதை அப்படியே நகர்த்திவிடலாம் என்றாராம். அஸ்திவாரத்துக்கு அடியில் விட்டம் கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, சக்கரத்தில் ஏற்றி, தண்டவாளம் போட்டார்கள். 720 டன் எடை அப்பா! 2019 அக்டோபர் 22 அன்று, ஒரே நாளில் 70 மீட்டர் உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். கப்பல்களுக்கு உதவாமல் போய் ஐம்பது வருஷம் ஆன கட்டடம், அதற்காக அரசாங்கம் 50 லட்சம் குரோனர் கொடுத்திருக்கிறது. இன்னும் ஒரு நாற்பது வருஷம் நிற்கும் என்று கணக்கு.

நீங்கள் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பீர்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. உள்ளே படியேறும்போது சுவரை ஒட்டியே போனேன். விரிசல் இருக்கிறதா என்று மூலைகளில் கை வைத்துத் தடவினேன். என் கைக்கு எட்டியவரை ஒன்றும் தட்டுப்படவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு கனத்தைத் தூக்கும்போது நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் ஏறுவதை எப்படிப் பார்ப்பார்கள்? ரசமட்டம் போதுமா? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன், சொல்லுங்கள். அம்மாவிடம் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கிவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகன்